எழுதாத நோட்டு

அன்றைக்கு டீச்சர் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: அப்பா, மாமா, டீச்சர், நான். அடுப்படியில் படுத்திருந்த பூனையைச் சேர்க்கவில்லை. இன்னொருவர் இருந்திருந்தால் நான் சொன்னதை மறுத்திருப்பாரோ என்று இத்தனை வருடம் கழித்தும் யோசிக்கிறேன். இருந்தது நான்கு பேர்தான்.

மெர்டேக்காவுக்கு, மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததற்கு, மறுவருடம். எனக்குப் பதினோரு வயது. வருடக் கடைசியில் இங்கிலீஷ் பள்ளித் தலைமையாசிரியை முன்னால் நின்று நாலு வார்த்தை பேசினால் இடம் கிடைக்கும். இல்லையென்றால் தமிழ்ப் பள்ளியோடு படிப்பு சரி. முனிசிபல் சாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, மாதம் ஐந்து வெள்ளி சம்பளத்துக்கு, காஜா பேராங் பக்கம் குடியிருந்த டீச்சரிடம் என்னை இங்கிலீஷ் படிக்க விட்டார்.

டீச்சர் மலாக்கா செட்டி. நம் சாமியைக் கும்பிடுகிறவர்கள், வீட்டில் பேசுவது மலாய். நெற்றியில் திருநீறு, உடம்பில் மலாய்க்காரப் பெண்கள் போடுகிற கெபாயாச் சட்டை, வாயில் ஒரு சொல் தமிழ் கிடையாது. எனக்குத் தெரிந்த மலாயையும் பாட நேரத்தில் பேச விடமாட்டார்.

பாடம் என்ன பாடம்? இஞ்சியை எடு, சட்டி சூடா, உன் தம்பி ஏன் அழுதான், எல்லாம் இங்கிலீஷில். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம் என்னோடு கூடப் பிறந்தது. இஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். டீச்சர் என் முகத்தைப் பார்க்கமாட்டார். குனிந்து வெங்காயம் உரிப்பார். ஒன்று, இரண்டு, சில நாள் கூடையே காலியாகும். நான் எதையாவது உளறியதும், அதையே திருத்தமாகத் தான் ஒருமுறை சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்பார். அப்பா வாங்கித் தந்த நோட்டு மட்டும் காலியாகவே இருந்தது.

மூன்றாம் மாதம் அப்பா மாமாவை அழைத்து வந்தார். மாமா ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. வெள்ளைக்காரத் துரைக்கே இங்கிலீஷில் கடிதம் எழுதுகிறவர். நோட்டை முன்னும் பின்னும் புரட்டினார்.

“என்னா மச்சான் இது? மூணு மாசமா ஒரு எழுத்து இல்ல. வெங்காயம் உரிக்கவா காசு குடுத்து அனுப்புறீங்க?”

அப்பா என்னிடம் திரும்பினார். “சொல்லு பாப்பா. டீச்சர் ஒனக்கு என்னா சொல்லிக் குடுத்தாங்க?”

நோட்டில் இல்லாததைப் படித்தேன் என்றால் பொய்யாகிவிடாதா?

“ஒன்னுமில்லப்பா.”

நான் என்ன சொன்னேன் என்று டீச்சர் மாமாவிடம் கேட்டார். மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு தன் கிராணி இங்கிலீஷில் பதில் சொன்னார்: உங்களிடம் இவள் எதுவுமே கற்றுக்கொள்ளவில்லையாம், இந்த மாதச் சம்பளம் கிடையாது, நாளையிலிருந்து வரமாட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். நீயும் அப்படித்தான் நினைக்கிறாயா என்று இங்கிலீஷில் கேட்டார். பிறகு குனிந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்றாவதை எடுப்பதற்குள் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமாவிடம் பாடம், மேசைமேல் அடிக்கோல். நோட்டு நிரம்பியது. அப்பா அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். வருடக் கடைசியில் தலைமையாசிரியை, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கேள்வி புரிந்தது. பதிலும் வாய்வரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“அந்தம்மா மூணு மாசம் கெடுத்து வச்சத நான் என்னா செய்ய மச்சான்?” என்றார் மாமா. அப்பா தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

தெங்கேராவில் ஒரு தையல் கடைக்குப் பொத்தான் தைக்கப் போனேன். ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு மத்தியானம் குனிந்து தைத்துக்கொண்டிருந்தபோதுதான் சுருக்கென்றது. அன்றைக்கு மாமா பேசியது இங்கிலீஷ். டீச்சர் கேட்டதும் இங்கிலீஷ். எனக்கு யாரும் தமிழில் சொல்லவில்லை. ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்திருந்தது.

அங்கிருந்து டீச்சர் வீடு நடக்கிற தூரம்தான். போகவில்லை. விட்ட இடத்திலிருந்து கேட்பாரோ என்று பயம்.

அந்த மூன்றாம் மாதத்துச் சம்பளம், ஐந்து வெள்ளி, இன்னும் பாக்கி.