டேஷ்போர்டில் நான் ஒட்டிய கல்

என் மகள் வயிற்றில் குழந்தை அசையவில்லை. போன வருஷம் மாங்காய் சீசனில், திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன். அதை ஜெபம் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. சபையார் பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு அழகாகப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ஷீபா மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததிலிருந்து எங்கள் சித்தூர் வீட்டில் கார்ப் பேச்சுதான். என் வீட்டுக்காரருக்கு நம்ம நாட்டு வண்டிதான் வண்டி, தகடு கெட்டியாம். அவர் தம்பிக்கு ஜப்பான் கம்பெனியைத் தவிர மற்றதெல்லாம் தகரடப்பா. மாப்பிள்ளை பிரவீன் மட்டும் வாயைத் திறக்காமல், காரைச் சுவரில் மோதவிட்டுச் சோதிக்கும் வீடியோக்களைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பார். "எத்தினி ஸ்டார், எத்தினி ஏர்பேக், அதப் பாத்துத்தான் வாங்கணும் அத்தை" என்பார். அப்படிப் பார்த்துப் பார்த்து ஒன்றை வாங்கினார். கம்பெனிப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்தச் சண்டை இங்கேயும் ஆரம்பித்துவிடும்.

நாம் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை. ஆனால் நமக்கும் ஒரு வழக்கம் உண்டே! ஆராதனை முடிந்ததும் புது வண்டியை வாசலில் நிறுத்தி, போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபிப்பார். பிறகு உள்ளே ஒரு வசனப் பலகை ஒட்டுவோம். எல்லாரும் பிளாஸ்டிக்கில் ஒட்டுவார்கள். என் மகள் வண்டிக்கு நான் பிளாஸ்டிக் ஒட்டுவேனா? நம்ம ஊர் கிரானைட் ஊராயிற்றே! கல்லறைக் கல் எழுதும் பட்டறையில் சொல்லி, உள்ளங்கை அகலத்தில் கறுப்புக் கல்லில், பொன்னெழுத்தில், கர்த்தர் காப்பார் என்கிற வசனத்தை எழுதி வாங்கினேன். ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டுக்கு நேராக, டேஷ்போர்டில், பசை போட்டு நானே அழுத்தி ஒட்டினேன். அந்த இடத்தில் ஏதோ இங்கிலீஷ் எழுத்து இருந்தது. அதை மறைத்தால்தான் லட்சணம் என்று அதன் மேலேயே ஒட்டினேன். சுற்றி நின்ற நீங்கள்தான் அல்லேலூயா சொன்னீர்கள்.

ஸ்கேனுக்காகத் திருப்பதி போனோம். பின்சீட்டில் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று ஷீபா முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். "பெல்ட்டு வயித்த அமுக்குதும்மா" என்று சிணுங்கினாள். பிரவீன் வண்டியை ஓரங்கட்டி, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போட்டுவிட்டுத்தான் மறுபடி எடுத்தார். சந்திரகிரிக்குக் கொஞ்சம் முன்னால், ஜூஸ் ஃபேக்டரிக்கு மாங்காய் ஏற்றிப்போன டிராக்டர் ஒன்று திடீரென்று நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

அந்தச் சத்தம்! ஐயோ, அதை எப்படிச் சொல்ல! கண்ணைத் திறந்தால் பானெட் முழுக்க மாங்காய். பிரவீன் முன்னால் வெள்ளைப் பை உப்பிக் கிடந்தது. ஷீபா முன்னால் ஒன்றுமே இல்லை. அவள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள். "அம்மா, வயிறு கல்லாட்டம் கீதும்மா... புள்ள அசையலம்மா" என்றாள். பின்னால் வந்த வண்டியை மறித்து அவளைத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வராந்தாவில் நான் வாய்விட்டே கத்தினேன். "ஆண்டவரே, உமக்குக் கண்ணில்லையா? ஓட்டினவனுக்குத் திறந்த பை என் பிள்ளைக்கு ஏன் திறக்கவில்லை? ஒரு பையைத் திறக்க உமக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டேன். கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிப்போயிற்று. கடைசியில், "குழந்தையைக் கொடுத்துவிடும் அப்பா" என்பது மட்டும்தான் வாயில் நின்றது. அப்போது கதவு திறந்து, வந்து கேளுங்கள் என்று நர்ஸ் தெலுங்கில் கூப்பிட்டாள். "அம்மா, ரண்டி, வினண்டி!" உள்ளே போனேன். மெஷினில் தபதபவென்று குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு. ஷீபாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆண்டவர் பதில் கொடுத்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் அதற்கு முன்பே கொடுத்திருந்தது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே பிரவீன் ஷோரூமுக்குச் சண்டைக்குக் கிளம்பினார். நானும் போனேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், உங்களுக்குத் தெரியும். அங்கே சர்வீஸ் மேனேஜர் ஒரு அம்மா. நான் பொரிந்து தள்ளியதையெல்லாம் கேட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். எங்கள் வண்டி தயாரான சமயத்தில் வந்த சில வண்டிகளில், அந்தப் பக்கத்து ஏர்பேக்கின் ஒயர் சரியாகப் பொருந்தவில்லையாம். மாற்றித் தருகிறோம், கொண்டுவாருங்கள் என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். பிரவீனுக்கு முகம் செத்துப்போயிற்று. "சர்வீஸ் விளம்பரம்னு நெனச்சுக்கினு அழிச்சிட்டேன் மேடம்" என்றார்.

அந்த அம்மா, அங்கே இழுத்துவந்து விட்டிருந்த எங்கள் வண்டியின் கதவைத் திறந்தார். அப்படியே நின்றார்.

"இதி எவரு பெட்டாரு?"

"நான்தாம்மா ஒட்டினேன்" என்றேன், பெருமையாகவே.

அவர் என்னைப் பார்க்காமல், கல்லைச் சுற்றி டேஷ்போர்டில் மெல்லிசாக ஓடிய ஒரு கோட்டை விரலால் காட்டினார். "இது மூடிம்மா. கல்லுக்கடியில ஏர்பேக்னு இங்கிலீஷ்ல எழுதிக் கீது. பை உள்ள மடிச்சு கீது. மோதினா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள இந்த மூடி வெடிச்சுத் தொறக்கும். மேல இருக்கறது எதுவானாலும் குண்டு மாதிரி வரும்." பிறகு ஷீபா உட்கார்ந்திருந்த சீட்டுக்கு முன்னால் கையை நீட்டி, மார்பு உயரத்தில் நிறுத்தினார்.

ஷோரூம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரவீன் மெதுவாக, "எனக்கும் ஒரு நிமிஷம் உறுத்துச்சு அத்தை. நீங்க ஒட்டின வசனத்த எடுங்கன்னு சொல்ல வாய் வரல" என்றார். எனக்கு அழக்கூட வரவில்லை. நான் வராந்தாவில் கத்திக் கேட்டதை ஆண்டவர் கொடுத்திருந்தால், என் கையால் ஒட்டிய கல் என் மகளைக் கொன்றிருக்கும். வயிற்றுப் பிள்ளையையும் கொன்றிருக்கும்.

கம்பெனி செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. தப்பு தப்புதான். புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒயரை மாற்றித்தான் வண்டியை எடுத்தோம். எந்த வண்டி நல்ல வண்டி என்று எங்கள் வீட்டில் இப்போது யாரும் சண்டை போடுவதில்லை. எல்லா வண்டிக்கும் குறை வரும், மெசேஜ் வந்தால் படிக்க வேண்டும், அவ்வளவுதான். நானும் மாறியிருக்கிறேன். கேட்டது கிடைக்காவிட்டால் உடனே ஆண்டவரிடம் சண்டைக்குப் போவதில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் போகிறேன்.

என் பேத்தி அதோ, இரண்டாவது வரிசையில், அவள் அம்மா வளையலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம் என்கிறேன். நீங்களும் அவரை நம்புங்கள். உங்கள் பிள்ளைகளை அவர் காப்பார்.

ஆனால் வரும்போது வாசலில் நிற்கிற கார்களுக்குள் எட்டிப் பார்த்தேன். கண்ணாடிச் சிலுவை, பித்தளை வசனம், கல் வசனம், எல்லாம் அதே இடத்தில்தான் ஒட்டியிருக்கிறது. ஆமென் சொன்னதும் நேராக வண்டிக்கு வாருங்கள். பசையை இளக்க ஃப்ளாஸ்கில் வெந்நீரும், அறுக்க நைலான் நூலும் கொண்டுவந்திருக்கிறேன். பேர்த்தெடுக்காமல் இன்றைக்கு யாரையும் வீட்டுக்கு விடமாட்டேன்.