சீரகப் பொட்டலத்தில் வந்த புத்தகம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் மாமியார் வீட்டில் இருந்தேன். மூத்தவள் பிறந்து மூன்று மாதம். கணவர் தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கண் விழித்தாலே அழுகை வரும். குழந்தை அழுதால் தூக்கக்கூடக் கை எழாது. நான் தாயாக இருக்கவே லாயக்கில்லை, இனி இப்படியேதான் என்று பயந்துபோயிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் சீரகம் வாங்கிவரும்படி மாமியார் விரட்டினார். வாங்கிவந்து பிரித்தால், பொட்டலத் தாள் ஏதோ புத்தகத்தின் கடைசித் தாள்; யாரோ ஒரு தபால் குமாஸ்தா தன் கதையை எழுதியிருந்தார். மூன்று வருஷம் மனம் சோர்ந்து கிடந்தவர், ஒரு நாள் நாவிதர் சவரம் செய்யும்போது சொன்ன ஏதோ பேச்சுக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டாராம். அடியில் ‘முற்றும்’.

மறுநாளும் போனேன். காகிதப் பஞ்சத்தில் கடை அண்ணாச்சி பழைய புத்தகத்தைக் கிழித்துத்தான் பொட்டலம் மடித்தார், அதுவும் பின்னாலிருந்து.

“முன்னால கிழிச்சா அட்டை கழண்டுரும்மா” என்றார்.

புத்தகத்தையே கேட்க வெட்கம். தினமும் சீரகம் வாங்கினேன். இடையில் பல தாள்கள் மிளகோடு வேறு வீடுகளுக்குப் போய்விட்டன.

“ஏளா, சீரகத்துலயே குளிக்கப் போறியா?” என்றார் மாமியார்.

நாளுக்கு நாள் குமாஸ்தாவின் நிலைமை மோசமானது. சாப்பிடமாட்டார், சுவரைப் பார்த்தே படுத்திருப்பார். முன்னாலிருந்து படித்திருந்தால் பயந்து மூடியிருப்பேன். எனக்குத்தான் முடிவு தெரியுமே. ‘கொஞ்சம் பொறும், நாவிதர் வருவார்’ என்று அவருக்குச் சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதைச் சொன்னேன். யாருக்குச் சொல்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

புத்தகம் தீரப்போகும் நாளில், முதல் தாளை நழுவவிடக் கூடாதென்று, கடை திறக்குமுன்பே போய் நின்றேன். ‘அழக் காரணமில்லை. ஆனாலும் அழுகிறேன். இதை யாரிடம் சொல்வது?’ என்று தொடங்கியிருந்தார். அடுப்படியில் மாமியாருக்கு அதை வாசித்துக் காட்டி, “எனக்கும் இப்படித்தான் இருக்கு மாமி” என்றேன்.

மீன் அரிந்துகொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார்.

“இதச் சொல்லதுக்கு இம்புட்டு சீரகமாளா? போ, போய் உறங்கு.”

அன்று முதல் பகலெல்லாம் குழந்தை அவரிடம்தான். சில வாரம் கழித்துக் கணவர் கரையிறங்கி வந்தார். வாசலிலேயே நின்று, “என்ன, வீடு பூரா சீரகம் மணக்கு?” என்றார். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அந்தச் சோர்வு பிறகும் இரண்டு மூன்று முறை வந்தது. வரும்போதெல்லாம் நான் பயப்படத்தான் செய்கிறேன். ஆனாலும் கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்தவள் நான்.