மூன்று தண்ணீர் ஊற்றியும் போகாத கறுப்பு

எங்கள் வார்டில் கழிப்பறை கழுவும் அக்காவுக்கு ‘ஏன் அக்கா’ என்றுதான் பெயர். எதற்கும் ஒரு ஏன் போடுவார். பதில் சொன்னால் தொலைந்தோம், அதன் வாலைப் பிடித்து இன்னொரு கேள்வி வரும். நர்ஸான எனக்கே பல சமயம் விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல மனம் வராமல் எரிந்து விழுவேன்.

ஆறாம் கட்டிலில் இருந்தவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். கணையப் புற்றுநோய், முற்றிய நிலை. இனிக் குணமாகாது என்று அவருக்கே தெரியும். வெளிநாட்டிலிருந்து மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள், அதுவரை இருந்தால் போதும் என்பார்.

வியாழக்கிழமை காலை, வாளியும் கையுமாக அக்கா என் மேசைக்கு வந்தார்.

“சிஸ்டர், மாஸ்டருக்கு வெளிக்குக் கறுப்பா போகுதே, ஏன்?”

“இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுறார் அக்கா. அப்படித்தான் போகும். ஆளை விடுங்க.”

“நாலாம் கட்டில் அம்மாவும் அதே மாத்திரைதானே? அவங்களுது ஒரு தண்ணி ஊத்தினா போயிடுது. இது மூணு தண்ணி ஊத்தியும் தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது. நாத்தமும் வேற மாதிரி. ஏன்?”

எனக்குச் சுருக்கென்றது. ஓடினேன். மாஸ்டரின் கை சில்லிட்டு வேர்த்திருந்தது, நாடி தறிகெட்டு ஓடியது.

“லேசா தலை சுத்துது, அவ்வளவுதான்” என்றார் மனிதர்.

டாக்டர் வந்தார், ரத்தம் ஏற்றினோம். வாய்வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தால், கட்டி குடலை அரித்து உள்ளே ரத்தம் கசிகிறது. அந்த வழியாக நிறுத்த முடியவில்லை. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கசிந்த ரத்தக்குழாயை அடைத்தார்கள். உள்ளே கசியும் ரத்தம் செரித்துத்தான் கறுப்பாகிறது என்று டாக்டர் அக்காவுக்கு விளக்கினார்.

“அடைச்சிட்டா, அந்த இடத்துக்கு அப்புறம் ரத்தம் எப்படிப் போகும்?” என்றார் அக்கா.

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் போய் நின்றேன், எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். அடுத்த நாள் அக்கா, தன் தங்கை வீட்டு விசேஷத்துக்காகப் பத்து நாள் லீவில் போனார். திரும்பி வந்தபோது ஆறாம் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“பொண்ணு எத்தனை நாள் கூட இருந்துச்சு?”

“ஒன்பது நாள். ராத்திரி பகலா கூடவே இருந்தா.”

அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். “சரி சிஸ்டர்” என்று அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.