ஸ்லீவைக் கழற்றிவிட்டுத் தூக்கியவள்

புஜ்ஜி, நான் காரிமங்கலம் சந்தையில் தக்காளிக் கூடையோடு நின்றபோதுதான் கொழுந்தனார் போன் செய்தார். காய்ச்சலோடு தர்மபுரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்றார். கூடையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

உன்னைப் பற்றி எழுதிக்கொண்டு வரச் சொல்லி ஜிம்மில் கேட்டார்கள். அங்கே எல்லோருக்கும் நீ கௌசல்யா. அண்ணன் மனைவி நான், தம்பி மனைவி நீ. ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள். எனக்குப் படிப்பு ஐந்தாவதோடு சரி. உள்ளதை எழுதுகிறேன். உன்மேல் எனக்குப் பொறாமை. நீ போன பிறகும் அது போகவில்லை.

ஜிம்முக்கு முதலில் போனது நான். எனக்குத் துணையாக வந்தவள் நீ. கொஞ்ச நாளிலேயே எடை தூக்குவதில் என்னைத் தாண்டிவிட்டாய். முழங்கையில் நீ மாட்டிய ஸ்லீவ், அந்தக் கறுப்பு ரப்பர் உறைதான் காரணம் என்று நினைத்தேன். நானும் வாங்கினேன், உன்னுடையதைவிட ஒரு சைஸ் சின்னதாக. இறுக்க இறுக்கப் பலம் என்று எண்ணம். தேங்காய் எண்ணெய் தடவித்தான் அதைக் கையில் ஏற்ற முடிந்தது. இரண்டாவது செட்டிலேயே விரல் மரத்து, தூக்கிய இரும்புப் பார் நழுவிக் கீழே விழுந்தது.

நீ சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும் டேப்பைக் கொண்டுவந்து, கையை லேசாக மடக்கச் சொல்லி, முழங்கையைச் சுற்றி அளந்தாய்.

“இது ஒண்ணும் தாயத்து இல்லீங்கக்கா, கட்டுனதும் பலம் வர்றதுக்கு. மூட்டைச் சூடா வெச்சிருக்கும், அவ்ளோதான். ரத்தம் ஓட எடம் வுடுங்க.”

அந்த அளவுக்கு வேறொன்று வாங்கித் தந்தாய். செட் முடிந்ததும் அதை முழங்கைக்குக் கீழே இறக்கிவிட வேண்டும், துவைத்தால் நிழலில்தான் காயவைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாய். சின்னவளுக்கு எவ்வளவு விவரம் என்று அத்தை மெச்சினார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தர்மபுரிப் போட்டியில் ஸ்லீவ் கூடாது என்று கழற்றச் சொன்னார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இன்றைக்கு உன் பலம் தெரிந்துவிடும் என்று. இரண்டு கை ஸ்லீவையும் உருவி என் மடியில் போட்டாய். “வெச்சிருங்கக்கா” என்று போனாய். எப்போதும் தூக்குகிற எடையை அப்படியே தூக்கினாய். சுற்றிலும் கைதட்டினார்கள். நான் உன் ஸ்லீவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரியத்துக்கு ஜிம் பெண்கள் வந்திருந்தார்கள். கம்பைநல்லூர் தேவி என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ அவளிடம் சொன்னதைச் சொன்னாள்: “எங்கக்கா கைதான் கை. அவங்க பயத்த வுட்டாங்கன்னா நானெல்லாம் கிட்ட நிக்க முடியாது.”

கேட்டவர்கள் அழுதார்கள். எனக்கு அழுகையோடு எரிச்சலும் வந்தது. நான் இல்லாத இடத்தில் என்னை நல்லபடியாகப் பேசி, அதிலும் நீயே முந்திக்கொண்டாய். உன்னைப் பற்றி நான் யாரிடமும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்னும் ஜிம்முக்குப் போகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பேச்சுதான். பாரைப் பிடிக்கக் குனிந்தால் காதில் கேட்கிறது. அதை நம்பி பாரில் இன்னொரு பிளேட் எடை ஏற்றலாமா என்று யோசித்து நிற்கிறேன். புஜ்ஜி, என் கையை அறிந்துதான் அப்படிச் சொன்னாயா, இல்லை அக்காவை நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் சொன்னாயா?