பரமேஸ்வரி அக்காவின் ரோஜாக்கள்

கடந்த ஞாயிறு, இணுவிலில் என் பக்கத்து வீட்டுப் பரமேஸ்வரி அக்கா இறந்து முப்பத்தோராம் நாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் திரும்புகிறேன்... அவருடைய மகள் சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

"மாமா, நீங்கள் கல்வெட்டில எழுதியிராட்டி, அம்மாவுக்கு ரோஜா எண்டால் உயிரெண்டு எங்களுக்குத் தெரிஞ்சே இராது!"

எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் தெரியுமா?

எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது கல்லில் இல்லை. இறந்தவரின் வாழ்க்கையை எழுதி, படம் போட்டு, முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால் ஊரில் பாதிக் கல்வெட்டு என் தலையில்தான் விழும்.

அச்சகத்தில் அவசரப்படுத்தினார்கள். நான் என்ன செய்தேன்? போன வருடம் ஒரு டீச்சருக்கு எழுதியதைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பெயரை மாற்றினேன். பிள்ளைகளின் பெயர்களை மாற்றினேன். 'ரோஜாச் செடிகளை உயிராய் வளர்த்தவர்' என்ற வரி வந்தது. கை நின்றது. அக்கா வளர்த்தது கத்தரி. ஆனால் கத்தரிக்காய் கல்வெட்டில் எடுப்பாக இருக்குமா? அப்படியே விட்டுவிட்டேன். அச்சான புத்தகங்கள் முப்பத்தோராம் நாளுக்கு மூன்று நாள் முன்பே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டன.

இத்தனைக்கும் இருபது வருடமாக அந்தக் கத்தரியைச் சாப்பிட்ட உடம்பு இது! வாரம் தவறாமல் மதிலுக்கு மேலால் ஒரு பை வரும்.

"இண்டைக்கே பொரிச்ச குழம்பு வையுங்கோ தம்பி. நாளைக்கெண்டால் வாடிப்போகும்."

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வீடியோ கோல் எடுத்தால் போதும், போனைத் தூக்கிக்கொண்டு பாத்திக்கு ஓடுவார் — "பார் பிள்ளை, பூத்திட்டுது!" அந்தக் குரல் எங்கள் குசினி வரைக்கும் கேட்கும்.

சுகந்தி கண்ணைத் துடைத்தாள். "கோல் எடுத்தால் கத்தரியைத்தான் காட்டுவா. நாங்களும் சிரிப்பம். ரோஜா ஆசையை மனசுக்குள்ள வைச்சுக்கொண்டு, வீட்டுக்கு உதவட்டும் எண்டுதானே கத்தரி நட்டிருக்கிறா? உங்களுக்கு என்ன விருப்பம் அம்மா எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லையே மாமா..."

பின்வளவை எட்டிப் பார்த்தேன். கத்தரியையெல்லாம் வேரோடு பிடுங்கிக் குவித்திருந்தார்கள். பாத்தியில் புதிதாக நட்ட ரோஜாக் கன்றுகள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "ஓம் பிள்ளை, அக்கா அப்பிடித்தான், வாய் திறந்து ஒண்டும் கேக்கமாட்டா" என்றேன். முதல் பொய்யாவது சோம்பலில் எழுதியது. இது? அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது. நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

சுகந்தி கனடாவுக்குத் திரும்பிவிட்டாள். இந்தப் பத்தியை வாராவாரம் இணையத்தில் வாசிக்கிறவள். ஆகவே மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும், மிச்சம் அவளுக்கு.

பிள்ளை, அந்த ரோஜா வேறொரு அம்மாவுடையது. உன் அம்மாவின் ஆசையெல்லாம் கத்தரிதான். அதை ஒளிக்கவும் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினார். நீயும் பார்த்தாய், சிரித்தாய். உன் அம்மாவை உனக்கு நன்றாகவே தெரியும்.

தெரிந்துகொண்டே பொய் எழுதியவன் நான்.