தொட்டியைக் குளிப்பாட்டியவர்

திராட்சையை வாயில் போட்டதும் அக்கா சதையை விழுங்கிவிட்டு விதையைத்தான் மெல்லுவார். நறுக்கென்று உடைந்தால் முகம் மலரும். பச்சையாகக் கசந்தால், அந்தக் கூடையைக் கொண்டுவந்தவரைப் பார்த்துக்கொண்டே ஓரமாகத் துப்புவார். "பழம் இனிச்சுக் காட்டி ஏமாத்திடும். கொட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஒயின் தயாரிக்கும் இந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அவர் பாட்டிலக்கா. பதினொரு வருடம் பின்பக்கம் பாட்டில் கழுவியவர். பேசும்போதே கைக்கு எட்டியதைத் துடைப்பார். அறுவடையைப் பார்க்க வந்திருந்த நான் பாதி குடித்த தண்ணீர்க் குவளையை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தும் வைத்துவிட்டார்.

இந்த அறுவடைக்கு முதலாளியம்மா ஒரு தொட்டியை அவர் பொறுப்பில் விட்டார். ஆளுயர எஃகுத் தொட்டி. "சரியா வந்தா அடுத்த வருஷம் மூணு தொட்டி. வரலைன்னா பழைய இடம் இருக்கவே இருக்கு." பக்கத்துத் தொட்டி அக்காவின் கொழுந்தனாருடையது. அவருக்கு அனுபவம் நீளம். வாய் அதைவிட நீளம்.

காம்பு நீக்கி நசுக்கிய பழத்தைத் தோலும் சாறுமாக நிரப்பினார்கள். இரண்டாம் நாளே நுரைத்தது. ஈஸ்ட் இனிப்பைத் தின்று சாற்றை மதுவாக்கும்போது, தோலெல்லாம் மேலே ஏறித் தடித்த அடையாக மிதக்கும். அக்கா மூன்று வேளையும் ஏணியில் ஏறி, தட்டு வைத்த நீளக் கம்பால் அதை உள்ளே அமுக்கினார். "மேலயே விட்டா காஞ்சு கெட்டுடும். நிறமும் இறங்காது. பிள்ளைக்குச் சோறு ஊட்டற மாதிரிதான், வேளை தவறினா ரெண்டு பேருக்கும் கோவம் வரும்."

ஆறாம் நாள் நுரை அடங்கிப் போயிற்று. சாற்றில் பாதி இனிப்பு அப்படியே இருந்தது. இப்படியே கிடந்தால் வேண்டாத கிருமிகள் குடியேறும், மிஞ்சுவது வினிகர்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் கொழுந்தனார். தினமும் மாலையில் அக்கா தொட்டியின் வெளிப்புறத்தைக் குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவியிருக்கிறார். எத்தனையோ ஊர்த் தொட்டிகளைப் பார்த்தவள் நான். இவ்வளவு பளபளப்பை எங்கும் பார்த்ததில்லை. இரவுக் குளிரும் சேர்ந்துகொள்ள, உள்ளே ஈஸ்ட் சுருண்டு படுத்துவிட்டது.

"ஏன் அண்ணி, தொட்டியையும் பாட்டில்னு நினைச்சுட்டீங்களா?"

"அழுக்கா இருந்துச்சு."

"சோப்பு போடலியா?"

"கொஞ்சமாத்தான் போட்டேன்."

எழுப்புவதற்கு வழி இருந்தது. கொழுந்தனாரின் தொட்டியில் துள்ளிக்கொண்டிருக்கும் சாறு ஒரு வாளி வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்க அக்காவுக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. அந்த நாள் முடிவதற்குள் கூடத்தில் கழுவ ஒரு பொருள் மிச்சமில்லை. மறுநாள் காலை வாளியைக் கொழுந்தனாரின் காலடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, ஒரு வாளி குடுங்க."

"சுவத்துக்கிட்டயா கேக்கறீங்க? அதுகிட்ட ஏது சாறு. இந்தாங்க, ரெண்டா எடுத்துக்குங்க."

வாங்கியதை அக்கா நேரே தொட்டியில் கொட்டவில்லை. கம்பளியால் தொட்டியைச் சுற்றிக் கட்டினார். பிறகு தொட்டியின் சாற்றைக் கரண்டி கரண்டியாக வாளிக்குள் விட்டு, நுரை வரும்வரை காத்து, மறுபடி விட்டார். "புதுசா வந்தவளைப் பிடிச்சுப் பெரிய குடும்பத்துக்குள்ள தள்ளக்கூடாது. குடும்பத்துல இருக்கறவங்கதான் ஒவ்வொருத்தரா வந்து பழகணும்." கொழுந்தனார் பக்கம் திரும்பி, "எனக்கு யாரும் அப்படிச் செய்யலை," என்றார். கொழுந்தனார் குனிந்து, தொட்டியில் நழுவிய கம்பளியை இழுத்துக் கட்டினார்.

பொழுது சாய்ந்தபோது வாளிகள் இரண்டும் தொட்டிக்குள் போயின. மறுநாள் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை அக்கா தீப்பெட்டியோடு ஏணியில் ஏறினார். நொதிக்கும் சாறு விடும் காற்றில் நெருப்பு நிற்காது. முந்தின நாள் உள்ளே நீட்டிய குச்சி விரலைச் சுடும்வரை எரிந்திருந்தது. இன்று விளிம்புக்குக் கீழே இறங்கியதுமே சட்டென்று அணைந்தது.

இன்னொரு குச்சி கொளுத்தினார். அதுவும் அணைந்தது.

அக்கா இறங்கி வந்தார். தீப்பெட்டியைக் கொழுந்தனாரின் கையில் வைத்துவிட்டு, அவர் ஏறுவதற்காக ஏணியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.