ஐந்து நிமிடக் குரல்

சுரக்குடி உத்திராபதிக்குப் படிப்பு ஏறவில்லை, வயல் வேலை ஆகவில்லை, சைக்கிள் ஓட்டக்கூட வீட்டில் தடை. எல்லாம் அந்த வலிப்பால் வந்த வினை. ஒன்பது வயதில் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை நேரம் காலம் இல்லாமல் இழுக்கும். கூடுகிற சனம் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும், செருப்பை மூக்கில் வைக்கும், அவன் எழுந்து உட்கார்ந்ததும் ‘பாவம்’ என்று சொல்லிவிட்டுக் கலையும். அந்தப் ‘பாவம்’ இருக்கிறதே, வலிப்பைவிட அதுதான் அவனுக்கு எரிச்சல்.

ஆனால் குரல்! என்ன குரல் ஐயா அது! மைக்கில் அவன் வாயைத் திறந்தால் காரைக்கால் கடைத்தெருவே ஒரு நிமிடம் நின்று கேட்கும். திருமலைராயன்பட்டினத்தில் மைக் செட் கடை வைத்திருக்கும் ஜெகபர் சாதிக் ஒரு கல்யாண வீட்டில் அதைக் கேட்டார். மறுநாளே கூப்பிட்டு ஆட்டோவின் பின் சீட்டில் உட்காரவைத்தார். “விழுந்தாலும் ஆட்டோவுக்குள்ளதானே விழுவான்” என்பார். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கொம்யூன் பஞ்சாயத்தின் தண்ணீர் வரி, கட்சிக் கூட்டம், மாங்கனித் திருவிழாவில் தொலைந்த பிள்ளை, எல்லாவற்றுக்கும் உத்திராபதிதான். வலிப்பு வரப்போவது அவனுக்கு ஒரு நொடி முன்பே தெரியும். மைக்கை அணைத்துவிட்டுச் சாய்ந்துகொள்வான். பதினான்கு வருடம் அப்படித்தான் ஓடியது. அவனைப் பாவம் என்று யாரும் சொல்லாத ஒரே இடம் அந்த ஆட்டோ.

அண்ணன் அன்பழகனுக்கு அது போதவில்லை. குறை சொல்லவும் முடியாது. தம்பியை இரண்டு தடவை வாய்க்காலிலிருந்து தூக்கியவர் அவர். மாத்திரை ஐந்து மாற்றியும் அடங்கவில்லை என்றதும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். அங்கே ஒரு கருவியைச் சொன்னார்கள். தீப்பெட்டி அளவு பெட்டியை நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைத்து, அதிலிருந்து ஒரு கம்பியைக் கழுத்து நரம்பில் சுற்றிவிடுவார்களாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அரை நிமிடம் மின்சாரம் போகும், வலிப்பு குறையும். செலவை ஓர் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது.

அதில் உள்ள வில்லங்கத்தை டாக்டர் விளக்கிய காலையில் உத்திராபதி வலிப்பு கண்டு அசந்து கிடந்தான். கேட்டுக்கொண்டவர் அன்பழகன். சாயங்காலம் பன்னிரண்டு பக்க இங்கிலீஷ் தாள் வந்தது. அண்ணன் விரல் காட்டிய இடத்தில் எல்லாம் தம்பி கையெழுத்துப் போட்டான்.

ஆபரேஷன் ஆகி, கருவியை முடுக்கி, ஊர் திரும்பி மூன்றாம் நாள் ஆட்டோவில் ஏறினான். “அன்பார்ந்த காரைக்கால் பெருமக்களே” என்று கம்பீரமாக ஆரம்பித்தான். பாரதியார் சாலை திரும்புவதற்குள் தொண்டையை யாரோ உள்ளிருந்து பிடித்த மாதிரி இறுகியது. குரல் கம்மியது, கரகரத்தது, இருமல் வந்தது. அரை நிமிடம் கழித்துப் பழைய குரல் வந்தது. ஐந்து நிமிடத்தில் மறுபடியும் போனது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

அடுத்த தடவை சென்னைக்குப் போனபோது கேட்டான். டாக்டர் நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார்.

“கம்பி சுத்தியிருக்கிற நரம்புலேர்ந்துதான் குரலுக்குப் போற நரம்பும் பிரியுதுங்க. அதனால கரண்டு போறப்ப குரல் மாறும். உங்க அண்ணன்கிட்ட முன்னாடியே சொன்னோமே.”

உத்திராபதி அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

“அப்ப இதைக் கழட்டிருங்க.”

“பெட்டியை எடுத்துடலாம். வலிப்பு திரும்பிரும். கம்பி நரம்போட ஒட்டிப்போயிருக்கும், அதைப் பிரிக்கப்போய் நரம்புல அடிபட்டா குரலுக்கே ஆபத்து. உள்ளயே விட்டா நாளைக்கு ஸ்கேன் எடுக்கறதுல சிக்கல் வரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

யோசிக்க என்ன இருக்கிறது? முன்பு யோசிக்க விட்டார்களா? பேட்டரி தீர்ந்தால் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. மின்சாரத்தைக் குறைத்துப் பார்த்தார்கள். குரல் கொஞ்சம் தேறியது. மூன்றாம் வாரம் படியில் விழுந்து தாடையில் ஆறு தையல். மறுபடியும் கூட்டினார்கள்.

கூட்டிவிட்டு ஊர் திரும்பியதும், வீட்டு வாசலில் வைத்து அண்ணனைக் கேட்டான்.

“ஏன்ண்ணே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ படுத்திருப்பியாடா? ரெண்டு தடவ வாய்க்கால்லேருந்து தூக்கியாச்சு. மூணாவது தடவ பொணமாத்தான் தூக்கணும். குரல் போனா போவுது, உசுரு இருக்குல்ல?”

“உசுரு என்னுது. குரலும் என்னுது. நடுவுல நீ யாரு?”

அன்றோடு சரி. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒன்றரை வருடம் பேச்சு இல்லை. அண்ணி அன்னபூரணி இருவருக்கும் நடுவில் சோற்றையும் சேதியையும் சுமந்தார்.

வலிப்பு உண்மையிலேயே குறைந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். அதுதான் பெரிய கொடுமை. கருவி வேலை செய்யவில்லை என்றால் திட்டிவிட்டுப் பிடுங்கிப் போட்டிருப்பான்.

கருவியோடு ஒரு காந்தமும் கொடுத்திருந்தார்கள். அதை நெஞ்சின் மேல் வைத்திருக்கும்வரை மின்சாரம் நிற்கும். “முக்கியமா பேசணும்னா கொஞ்ச நேரம் வச்சுக்கலாம், நாள் முழுக்கக் கூடாது” என்பது டாக்டர் பேச்சு. உத்திராபதிக்குப் பேசுவதைத் தவிர முக்கியம் என்று வேறென்ன இருந்தது? திருநள்ளாறு சனிப்பெயர்ச்சிக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அறிவிப்பு செய்ய ஜெகபர் சாதிக் கூப்பிட்டதும், காந்தத்தைச் சட்டைக்குள் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டு போனான். காலை ஐந்து மணியிலிருந்து பேசினான். பழைய குரல், பிசிறு இல்லை. சனம் நின்று கேட்டது. சந்தோஷத்தில் சாப்பிடக்கூட எழவில்லை.

இரண்டு மணிக்கு இழுத்தது. இந்தத் தடவை மைக்கை அணைக்க அந்த ஒரு நொடி கிடைக்கவில்லை. நாற்பது ஒலிபெருக்கிக் குழாயிலும் அவன் முனகலும் பல் நெறிபடும் சத்தமும் தெருத்தெருவாகப் போயின. சனி பகவானைப் பார்க்க வந்த கூட்டம் அதைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். அடப்பாவிகளா!

அதற்குப் பிறகு ஜெகபர் பாய் அவனைக் கூப்பிடவில்லை. பென் டிரைவில் யார் குரலையோ ஏற்றி ஓடவிட்டார். தப்பு என்றும் சொல்ல முடியாது, அவருக்கும் பிழைப்பு இருக்கிறது. உத்திராபதி எட்டு மாதம் வீட்டோடு கிடந்தான். வழியில் போகிறவர்கள் மறுபடியும் ‘பாவம்’ என்றார்கள்.

மாசி மாதம் அறுப்பு வயலில் அன்பழகன் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழவில்லை. ஐம்பத்திரண்டு வயது.

“ஊருக்கு நீங்கதான் சொல்லணும் தம்பி. ஒங்க அண்ணன் கடைசியா ஒங்க குரலைத்தான் கேக்கணும்” என்றார் அண்ணி. எந்தக் குரலை என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டான். பாய் ஆட்டோவை அனுப்பியிருந்தார். காந்தத்தை அவன் தொடவில்லை. அந்தத் திருநள்ளாற்றுப் பயம் இன்னும் போகவில்லை.

“சுரக்குடி அன்பழகன் அவர்கள் இன்று காலை இயற்கை எய்தினார்” வரைக்கும் குரல் ஒழுங்காக வந்தது. “அன்னாரின் தம்பி” என்ற இடத்தில் மின்சாரம் பாய்ந்தது. தொண்டை இறுகி, வார்த்தை உடைந்து, இருமலோடு வெளியே வந்தது. வாசலுக்கு வந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். ஆட்டோ கோவில்பத்துவரை போனது. வழியெல்லாம் சனம் அழுதது. “அண்ணன் மேல உசுரையே வச்சிருந்தான் பாரு, பேச்சே வரல” என்றார்கள்.

அவன் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அண்ணனுக்காக அழவேண்டும் என்று அவனுக்கும் ஆசைதான். வரவில்லை. மன்னிக்கவும் முடியவில்லை. பேசாமலே போய்ச் சேர்ந்துவிட்ட மனிதரிடம் இனிச் சண்டை போடவும் வழியில்லை. அது அவனுக்குத் தாங்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஜெகபர் சாதிக் வந்தார்.

“தம்பி, கோவில்பத்துல ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தவறிட்டாரு. அன்னிக்கு சொன்ன அதே தம்பிதான் வேணும்னு அவுங்க வீட்ல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. அழுதுகிட்டே சொன்னியாமே?”

“அது அழுகை இல்ல பாய். நெஞ்சுல இருக்கற மெஷினு.”

“எதுவா இருந்தா என்னப்பா, கேக்கறவங்களுக்கு அழுகைதானே? இனிமே சாவு அறிவிப்பு மொத்தமும் உனக்குத்தான்.”

பாயின் சட்டையைப் பிடித்து உலுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

கோவில்பத்து முனையில் ஆட்டோ நின்றது. வாத்தியார் பெயர் எழுதிய சீட்டை ஓட்டுநர் நீட்டினார். உத்திராபதி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தான். ஓட்டுநர் திரும்பி, “என்னண்ணே?” என்றார். கடைசியாகத் தொண்டை இறுகி நாலு நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்து ஆரம்பித்தால், இறந்தவர் பெயர் வரும் இடத்தில் குரல் சரியாக உடையும்.